வேல்ஸுக்கு வெளியே ஒரு வெல்ஷ் பெயர்

நாகர்கோவில், பாளையங்கோட்டைப் பக்கத்துத் தேவாலயங்களில் ஒரு கிளாடிஸ் அக்காவையோ ஒரு ஜெனிபரையோ பார்க்காமல் திரும்ப முடியாது. இந்த இரண்டு பெயர்களின் வேரும் பிரிட்டனின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. கிளாடிஸ் என்பது 'குலாடிஸ்' என்ற வெல்ஷ் (வேல்ஸ் நாட்டு மொழி) பெயரின் ஆங்கில வடிவம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெருவழக்கானது. ஜெனிபரின் கதை இன்னும் சுற்றுவழி. ஆர்தர் மன்னனின் ராணியை வேல்ஸில் 'க்வென்ஹ்விவார்' என்பார்கள். அதே பெயருக்குப் பக்கத்துக் கார்ன்வாலில் வழங்கிய வடிவம்தான் ஜெனிபர். இந்த இரண்டையும் இன்று யாரும் வேல்ஸோடு சேர்த்து நினைப்பதில்லை.

லண்டனிலோ டொரான்டோவிலோ சிட்னியிலோ இருந்துகொண்டு பிள்ளைக்கு வெல்ஷ் பெயர் தேடும் பெற்றோரின் சிக்கல் இதில் முழுதாக அடங்கிவிடுகிறது. எளிதில் ஊர் தாண்டும் பெயர் கொஞ்ச நாளில் வேல்ஸை மறந்துவிடும். பார்த்தவுடனே வெல்ஷ் என்று தெரிகிற பெயரோ வேல்ஸ் எல்லையைத் தாண்டியதும் யார் வாயிலும் நுழையாது. இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன இடம் இருக்கிறது. அதைப் பிடிக்க, வெல்ஷ் பெயர்கள் எப்படி வேலை செய்கின்றன என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

வேல்ஸின் மக்கள்தொகை சுமார் 31 லட்சம். 2021 கணக்கெடுப்பின்படி வெல்ஷ் பேசத் தெரிந்தவர்கள் ஏறக்குறைய 5,38,000 பேர், அதாவது 17.8 சதவீதம். பத்தாண்டுக்கு முன் இது 5,62,000. மொழி பேசாத குடும்பங்களும் வெல்ஷ் பெயர் வைக்கின்றன என்பதால், பெயரின் புழக்கம் மொழியின் புழக்கத்தைவிட அகலமானது. ஆனாலும் வேல்ஸில் பிறக்கும் குழந்தைகளின் பெயர்ப் பட்டியலில் அண்மை ஆண்டுகளில் தலையில் நிற்பவை ஒலிவியா, நோவா மாதிரியான பெயர்கள்தான். சொந்த மண்ணிலேயே வெல்ஷ் பெயர் தானாக அமைவதில்லை, யோசித்து வைத்தால்தான் உண்டு. வெளிநாட்டில் கேட்கவே வேண்டாம். அங்கே ஒரு தலைமுறையில் மொழி போய்விடும், மிஞ்சுவது பெரும்பாலும் பெயர் மட்டுமே. அதனால்தான் ஊரில் இருப்பவர்களைவிட வெளியே போனவர்கள் இந்த விஷயத்தில் அதிகம் மெனக்கெடுகிறார்கள்.

பெயர்ப் பட்டியல்களில் அடிக்கடி காணும் 'தொன்மையான கெல்டிக் பெயர்' என்ற விளம்பரத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. பல நூற்றாண்டுகளாக வேல்ஸில் பதிவேடு எழுதியவர்கள் லத்தீனிலோ ஆங்கிலத்திலோதான் எழுதினார்கள். இயுவான் என்ற பெயர் எவன் ஆனது. கடைசியில் மெல்லிய தகரம் ஒலிக்கும் பழைய வெல்ஷ் பெயர் ஒன்றுதான் ஆங்கிலத்தில் க்ரிஃபித் ஆனது. யோர்வெர்த் என்றவரைப் பிடித்து எட்வர்ட் என்று எழுதிவிட்டார்கள், ஒலியில் எந்தச் சம்பந்தமும் இல்லாமல். 1588இல் வில்லியம் மார்கன் விவிலியத்தை முழுதாக வெல்ஷில் கொடுத்தார். பிற்பாடு இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து விலகிய 'சாப்பல்' கிறிஸ்தவம் வேரூன்றியபோது பிள்ளைகளுக்கு விவிலியப் பெயர்கள் குவிந்தன. 19ஆம் நூற்றாண்டுப் பள்ளிகள் சிலவற்றில் வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் தண்டனையாக ஒரு மரத்துண்டைத் தொங்கவிடுவார்கள். அதே நூற்றாண்டில்தான் எதிர்ப்புறமாக ஒரு மறுமலர்ச்சியும் நடந்தது. இடைக்காலக் கதைத் தொகுப்பான மபினோகியில் உறங்கிக்கொண்டிருந்த ரியானன், ப்ரான்வென் போன்ற பெயர்களை அப்புறம்தான் பிள்ளைகளுக்கு வைக்கத் தொடங்கினார்கள். நட்சத்திரம் என்று பொருள்படும் செரென், அன்பு என்ற சொல்லிலிருந்து பிறந்த காரிஸ் எல்லாம் 20ஆம் நூற்றாண்டின் வழக்கங்கள். புதியவை என்பதால் மதிப்புக் குறைந்துவிடாது. அவை அழகான பெயர்கள். ஆயிரம் ஆண்டுப் பாரம்பரியம் என்று பிள்ளையிடம் கதை சொல்லாமல் இருந்தால் சரி.

எல்லோரையும் மிரட்டுவது எழுத்து. உண்மையில் வெல்ஷ் எழுத்துமுறை ஆங்கிலத்தைவிடப் பல மடங்கு ஒழுங்கானது. எழுதியபடியே படிக்கலாம். எந்த எழுத்துக்கு எந்த ஒலி என்பது மட்டும் வேறு. ஒற்றை எஃப் போட்டால் வகரம், இரட்டை எஃப் போட்டால்தான் ஃபகரம். அதனால் நரிக்கையுறைப் பூவின் பெயரான ஃபியோனுக்கு இரண்டு எஃப் வேண்டும். ஒன்றை எடுத்துவிட்டால் வியோன் ஆகிவிடும். இரட்டை டி, நாம் 'அது' என்று பேசும்போது வருகிற மெல்லிய தகரம். ஆக, டேவிட்டின் வெல்ஷ் வடிவத்தை 'டாஃபிட்' என்று படித்தால் இரண்டு இடத்தில் தப்பு. 'டாவித்' என்று, கடைசித் தகரத்தை மெல்லியதாக்கிச் சொல்ல வேண்டும். எஸ், ஐ சேர்ந்து ஒரு உயிருக்கு முன் வந்தால் ஷகரம். எனவே அந்த எழுத்துகளில் தொடங்குவது 'சியான்' அல்ல, ஷான். ஆங்கில யூ எழுத்து இங்கே ஏறக்குறைய இகரம், எலினெட் என்ற பெண்பெயரை எலுனெட் என்று பிறர் படிப்பது அதனால்தான். டபிள்யூ உயிரெழுத்தாகவும் நின்று உகரம் தரும். அழுத்தம் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசையில் விழும். 'மிகவும் நேசிக்கப்பட்டவள்' என்று பொருள் சொல்லப்படும் அங்ஹாரட் என்ற பெயரில் 'ஹா'வை அழுத்த வேண்டும். வெளியாட்கள் ககரத்தை நுழைத்து 'ஆங்கராட்' ஆக்கிவிடுவார்கள்.

இந்த எழுத்துப் பழக்கத்தின் தடம் இந்தியாவிலேயே உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1841இல் சிரபுஞ்சிக்கு வந்த தாமஸ் ஜோன்ஸ் என்ற வெல்ஷ் கிறிஸ்தவ ஊழியர் மேகாலயாவின் காசி மொழிக்கு ரோமன் எழுத்து அமைத்தபோது தன் தாய்மொழியின் வழக்கத்தையே எடுத்துக்கொண்டார். காசி நெடுங்கணக்கில் 'ஜி'க்கு அடுத்து ஙகர ஒலிக்கான ஈரெழுத்து ஒன்று தனி எழுத்தாக இன்றும் நிற்கிறது, வெல்ஷில் நிற்பது போலவே.

சரி, கடைசியாக இரட்டை எல். நாக்கை லகரம் சொல்லும் இடத்தில் வைத்துக்கொண்டு, குரல் எழுப்பாமல், பக்கவாட்டில் காற்றை மட்டும் ஊதினால் வருகிற ஒலி அது. தமிழ் எழுத்தும் இதற்குப் போதாது, இந்தக் கட்டுரையில் லகரம் போட்டே ஓட்டுகிறேன். ஆங்கிலேயர்கள் இதோடு மல்லுக்கட்டிய வரலாறு நீண்டது. 'நரைத்தவன்' என்று பொருள்படும் பெயர் ஒருவர் வாயில் லாய்ட் ஆனது, அந்த ஒலியைக் காப்பாற்ற முயன்ற இன்னொருவர் வாயில் ஃப்ளாய்ட் ஆனது. இரண்டும் ஒரே பெயர்தான். இதைவிடச் சோகமான கதை க்வென்லியனுடையது. வேல்ஸின் கடைசிச் சுதந்திர இளவரசர் லிவெலினின் ஒரே மகள், 1282இல் பிறந்தவள். அந்த ஆண்டே தந்தை கொல்லப்பட்டார். குழந்தையை இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் உள்ள செம்ப்ரிங்ஹம் கன்னியர் மடத்துக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். 1337இல் சாகும்வரை அங்கேதான். அவளைச் சுற்றி அவள் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவர்கள் யாருமில்லை, ஆங்கில ஆவணங்களில் அது உருக்குலைந்தே பதிவானது. 2009இல் வடவேல்ஸ் மலைச்சிகரம் ஒன்றுக்கு அவள் பெயரைச் சூட்டினார்கள். வேல்ஸுக்கு வெளியே வாழ்ந்த வெல்ஷ் பெயர் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவள்தான்.

இந்தத் தொல்லையைத் தவிர்க்கப் பலர் எழுத்தையே மாற்றிவிடுகிறார்கள். ரீஸ் என்ற பெயரை ஆங்கிலக் காதுக்கு ஏற்றபடி வேறு எழுத்துகளில் எழுதுவார்கள், காரிஸுக்கு முன்னால் 'கே' போடுவார்கள். இது எனக்குச் சரியாகப் படவில்லை. ரீஸ் என்பதை ஆங்கில முறையில் எழுதினால் வேல்ஸ்காரர் கண்ணுக்கு அது ஓர் ஆங்கிலப் பெயராகவே தெரியும். எப்படி எழுதுவது என்ற கேள்வியும் தீராது, ஏனென்றால் ஆங்கில முறையிலேயே அதற்கு இரண்டு மூன்று வடிவங்கள் இருக்கின்றன. வெல்ஷ் முகமும் போய், சௌகரியமும் கிடைக்காமல் போகும். மேகன் என்ற பெயருக்கு நேர்ந்ததைப் பாருங்கள். மார்கரெட்டின் வெல்ஷ் செல்லப்பெயர் அது. பிரதமர் லாயிட் ஜார்ஜின் மகள் மேகன் 1929இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார், வேல்ஸ் தொகுதி ஒன்றில் வென்ற முதல் பெண் அவர். அந்தப் பெயர் அட்லாண்டிக் தாண்டியதும் ஐரிஷ் பெயர் என்று தவறாக எண்ணி நடுவில் ஒரு ஹெச், சில சமயம் கூடுதலாக ஓர் ஏ என்று செருகத் தொடங்கினார்கள். இன்று அதன் பிறப்பிடத்தை ஊகிப்பவர்கள் பெரும்பாலும் அயர்லாந்தைத்தான் சொல்வார்கள்.

எழுத்தோடு ஆண்பால் பெண்பாலும் கலங்கிவிடும். வெல்ஷில் 'வெள்ளை', 'புனிதம்' என்ற பொருள்தரும் ஈறு பெண்ணுக்கு 'வென்', ஆணுக்கு 'வின்'. ப்ரான்வென், ஓல்வென், கெய்ன்வென் பெண்கள். கார்வின், ஆல்வின் ஆண்கள். ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பெண்களுக்கு 'ப்ரான்வின்' என்று ஆண் ஈற்றில் வைப்பது சர்வசாதாரணம். வெல்ஷ் பாட்டி இருக்கும் குடும்பம் என்றால் பிறந்தநாள் வாழ்த்து அட்டையில் அவர் மௌனமாக எழுத்தைத் திருத்தி அனுப்புவார். மார்கன் வேல்ஸில் தொன்றுதொட்டு ஆண்பெயர். மரெடித் என்பதும் பழைய வெல்ஷ் ஆண்பெயர் ஒன்றிலிருந்து வந்தது. அமெரிக்காவில் இரண்டும் பெண்களிடம் போய்ச் சேர்ந்தன. ரீஸும் அங்கே அதே வழியில் போய்க்கொண்டிருக்கிறது. எந்த நாட்டில் பிள்ளை வளரப்போகிறது என்பதைப் பொறுத்து, மார்கன் என்ற பையனிடம் 'இது பெண்பெயர் இல்லையா' என்று கேட்பவர்கள் இருப்பார்கள்.

வெல்ஷ் முதற்பெயர்கள் ஏன் இவ்வளவு தனித்துவமாக இருக்கின்றன என்பதற்குக் குடும்பப்பெயர்கள்தான் காரணம் என்று நினைக்கிறேன். முன்பு வேல்ஸில் பரம்பரைக் குடும்பப்பெயர் பழக்கமே இருந்ததில்லை. நம் இனிஷியல் மாதிரி தந்தை பெயர்தான். 'ஆப்' என்றால் மகன். லிவெலின் ஆப் க்ரிஃபித் என்றால் க்ரிஃபிதின் மகன் லிவெலின். 1536இலும் 1543இலும் இயற்றிய சட்டங்கள் வேல்ஸை இங்கிலாந்தோடு இணைத்த பிறகு ஆங்கில நிர்வாகம் நிலையான குடும்பப்பெயரை எதிர்பார்த்தது. அப்போது இருந்த தந்தை பெயர் அப்படியே உறைந்துபோனது. ஆப் ரீஸ் என்பது ப்ரைஸ், ஆப் ஹவெல் என்பது பவல், ஆப் ஓவென் என்பது போவன், ஆப் ஹ்யூ என்பது ப்யூ. இங்கிலாந்தின் அரச வம்சமே இப்படி ஒரு தற்செயலில் பெயர் பெற்றது. ஏழாம் ஹென்றியின் பாட்டனார் ஓவைன் ஆப் மரெடித் ஆப் டிடிர். ஆங்கிலேயர்கள் தந்தை பெயரை விட்டுவிட்டுத் தாத்தா பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். இல்லாவிட்டால் நாம் பள்ளியில் டியூடர் வம்சத்துக்குப் பதில் மரெடித் வம்சத்தைப் படித்திருப்போம்.

அந்தக் காலத்தில் ஆண்பெயர்கள் மிகச் சிலவே புழக்கத்தில் இருந்ததால், உறைந்துபோன குடும்பப்பெயர்களும் சிலவே. ஜோன்ஸ், டேவிஸ், வில்லியம்ஸ், எவன்ஸ், தாமஸ். ஒரே வகுப்பில் நாலு ஜோன்ஸ் என்றால் ஆளை அடையாளம் காட்டும் வேலை முதற்பெயர் தலையில் விழுகிறது. (வெல்ஷ் எழுத்துகளில் 'ஜே' முதலில் கிடையாது, அந்த நாட்டின் முதன்மையான குடும்பப்பெயரே அந்த எழுத்தில் தொடங்குகிறது.) இன்று பலர் ஆங்கிலமயமான குடும்பப்பெயரைக் கழற்றிவிட்டு நடுப்பெயரையே பின்னால் போட்டுக்கொள்கிறார்கள், அல்லது எழுத்தை வெல்ஷுக்குத் திருப்புகிறார்கள். நடிகர் ரீஸ் இவான்ஸ் பிறந்தபோது அவர் குடும்பப்பெயர் எவன்ஸ் என்றே எழுதப்பட்டது. வெளிநாட்டில் வாழும் பெற்றோருக்கு இதில் ஒரு பயன் இருக்கிறது. பிறர் வாயில் நுழையாத லிவெலினையோ க்வென்லியனையோ நடுப்பெயராக வைத்துவிடலாம். பிள்ளை பெரிதாகி வேல்ஸுக்குப் போனால் அதையே முன்னால் இழுத்துக்கொள்ளும்.

பெயர் பயணித்தால் ஒலி எப்படி மாறும் என்பதற்கு டிலனைவிட நல்ல உதாரணம் இல்லை. மபினோகியில் டலன் என்று ஒரு சிறு பாத்திரம் வருகிறது. பிறந்து பெயரிட்டவுடன் நேராகக் கடலுக்குள் போய் மீனைப்போல நீந்துகிறான். கதையில் அவ்வளவுதான் அவன் பங்கு. 1914இல் ஸ்வான்சியில் ஓர் ஆங்கில ஆசிரியர் தன் மகனுக்கு அந்த அபூர்வப் பெயரை வைத்தார். வெல்ஷில் ஒய் எழுத்துக்கு இரண்டு ஒலி. கடைசி அசையில் இகரம், அதற்கு முந்தைய அசைகளில் மங்கலான அகரம். ஆகவே டலன். பிள்ளையை மற்றவர்கள் 'மந்தமானவன்' என்ற பொருள்வரும்படி கேலி செய்வார்களோ என்று தாய்க்குக் கவலை, ஆங்கிலத்தில் அந்தச் சொல் அப்படித்தான் ஒலிக்கும். அந்தப் பிள்ளைதான் கவிஞர் டிலன் தாமஸ். அவரே வளர்ந்தபின் ஆங்கிலப்படி டிலன் என்று சொல்வதையே விரும்பினார். பிறகு அமெரிக்கப் பாடகர் ஒருவர் அந்தப் பெயரைச் சூடிக்கொள்ள, உலகம் முழுக்க டிலன்கள் பிறந்தார்கள். இப்போது வெளிநாட்டில் பிள்ளைக்கு டிலன் என்று வைத்தால் அது வெல்ஷ் பெயரா? பதிவேட்டில் ஆம். யாராவது கேட்டால் விளக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பதிவேடு என்றதும் இன்னொரு சங்கதி. 'வேல்ஸுக்கு வெளியே' என்பது எப்போதும் கடல் தாண்டிய தூரமாக இருக்க வேண்டியதில்லை. போவிஸ் மாவட்டம் வேல்ஸ் நிலப்பரப்பில் ஏறக்குறைய கால்பங்கு, ஆனால் அங்கே பெரிய பொது மருத்துவமனை ஒன்றுகூட இல்லை. அந்தப் பகுதித் தாய்மார்கள் பலர் எல்லை தாண்டி ஹெரிஃபோர்டுக்கோ டெல்ஃபோர்டுக்கோ பிரசவத்துக்குப் போகிறார்கள். வேல்ஸில் பிறந்த குழந்தையின் பிறப்பை வெல்ஷும் ஆங்கிலமுமாக இருமொழியில் பதியலாம். இங்கிலாந்து மருத்துவமனையில் பிறந்தால் சான்றிதழ் ஆங்கிலத்தில் மட்டும். வீடு வேல்ஸில், பேச்சு வெல்ஷில், பெயர் வெல்ஷில், தாள் மட்டும் ஆங்கிலத்தில்.

உயிரெழுத்தின் மேலே போடும் கூரைக் குறியும் இப்படித்தான் அலைக்கழிக்கும். வெல்ஷில் அதற்கு 'சின்னக் கூரை' என்றே பெயர். அது வந்தால் அந்த உயிர் நெடிலாகும். கடவுச்சீட்டில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளில் பெயரை ஆங்கிலத்தின் 26 எழுத்துகளில் மட்டுமே எழுத முடியும், கூரை கழன்றுவிடும். கலிஃபோர்னியாவில் 1986இல் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக்கிய பிறகு நெடுங்காலம் பிறப்புச் சான்றிதழிலும் அந்த 26 எழுத்துகள்தான். ஷானுக்கும் ஷோனுக்கும் இதனால் பெரிய சேதமில்லை, எழுத்து வரிசை அப்படியே இருக்கிறதே. ஆனால் ஒரு ஆவணத்தில் கூரை இருந்து, இன்னொன்றில் இல்லாமல் போகும் என்பதை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

உண்மையான தடை இருந்த இடம் படகோனியா. 1865இல் மிமோசா என்ற கப்பலில் சுமார் 150 பேர் லிவர்பூலிலிருந்து கிளம்பி அர்ஜென்டினாவின் சுபுட் பள்ளத்தாக்கில் குடியேறினார்கள், மொழியைக் காப்பாற்றுவதற்காகவே. கைமன், ட்ரெலூ ஊர்களில் இன்றும் வெல்ஷ் கேட்கும். ஆனால் அர்ஜென்டினா 1943இல் ஓர் ஆணையாலும் 1969இல் ஒரு சட்டத்தாலும் பிள்ளைகளுக்கு அந்நியப் பெயர் வைப்பதைக் கட்டுப்படுத்தியது. ஸ்பானிய வடிவம் பெற்ற பெயராக இருக்க வேண்டும், அல்லது பெற்றோருடைய பெயராக இருக்க வேண்டும். மொழிக்காகக் கடல் கடந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பெயர் விஷயத்தில் இந்தக் கதி. 2015இல் வந்த புதிய சிவில் சட்டத் தொகுப்புதான் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தது.

சரி, எதைத்தான் வைப்பது? என் கணக்கு இது. ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவர் முதல் முறை படிக்கும்போது ஏறக்குறைய சரியாகப் படித்துவிடக்கூடிய, ஆனாலும் எழுத்தைத் திருத்தாத வெல்ஷ் பெயர்கள் எதிர்பார்ப்பதைவிட அதிகம். செரென், நியா, எலின், க்வென், காரிஸ், எம்ரிஸ், மாக்சென், ஓவென். ஸ்வான்சியில் பிறந்த நடிகை கேத்தரின் ஜீட்டா ஜோன்ஸ் அமெரிக்காவில் பிறந்த தன் பிள்ளைகளுக்கு டிலன், காரிஸ் என்று வைத்தார். ஒன்று அமெரிக்கா ஏற்கெனவே அறிந்தது, மற்றது அறியாதது, இரண்டுமே எழுத்தில் அப்பழுக்கற்ற வெல்ஷ். நல்ல தேர்வு. அடுத்த வட்டத்தில் ஃபியோன், ஷான், ரீஸ் போன்றவை. ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் யாருக்கும் பிடிபட்டுவிடும், வாழ்நாள் முழுக்க ஒரு வரி விளக்கம் மட்டும் தேவைப்படும். அதைத் தாண்டி இரட்டை எல் உள்ள பெயர்கள். வீட்டில் யாராவது ஒருவருக்கு அந்த ஒலி இயல்பாக வரும் என்றால் தாராளமாக வைக்கலாம். பெற்றோருக்கே வராது என்றால் பிள்ளை தன் பெயரை எந்நாளும் தவறாகத்தான் கேட்கும். அது வேண்டாமே.

கதைகளையும் ஒருமுறை படித்துவிடுவது உத்தமம். ப்ளொடைவெத் என்ற பெயர் பூக்களால் செய்த பெண்ணைக் குறிக்கும் என்று பட்டியல்கள் இனிக்க இனிக்கச் சொல்லும். கணவனைக் கொல்லத் திட்டமிட்டு, தண்டனையாக ஆந்தை ஆனவள் அவள் என்பதை விட்டுவிடும். மாலி என்பது மோலியின் வெல்ஷ் வடிவம், ஆனால் வெளியூரில் அது ஒரு ஆப்பிரிக்க நாடு. இட்ரிஸ் இன்னும் சுவாரசியம். வடவேல்ஸில் காடெர் இட்ரிஸ் என்று ஒரு மலையே உண்டு, பழைய வெல்ஷ் பெயர். அதே எழுத்துகளில் இஸ்லாமிய நபி ஒருவரின் பெயரும் வருகிறது, நம் ஊர் இத்ரீஸ்தான். பர்மிங்ஹமில் ஒரு வெல்ஷ் தம்பதி மகனுக்கு இட்ரிஸ் என்று வைத்தால் ஆசிரியர் அவனை எந்த மதம் என்று நினைப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் இது குறையே இல்லை. இரண்டு சமூகங்களில் சொந்தப் பெயராகக் கேட்கும் பெயர் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

முடிவெடுக்க அவசரமும் வேண்டாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பைப் பதிய 42 நாள் அவகாசம் இருக்கிறது. பதிந்த பிறகும், குழந்தையை வேறு பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்றால், 12 மாதத்துக்குள் அந்தப் பெயரைப் பதிவேட்டில் சேர்த்துக்கொள்ள வழி உண்டு.